கியர்பாக்ஸுக்குள் ரோஸ்மில்க்

ஆபீஸ்ல இந்த வாரம் ஆணி கொஞ்சம் கம்மி. அதனால ரொம்ப நாளா அரைகுறையா எழுதி வெச்சிருந்த ஒரு மேட்டரைத் தூசி தட்டி எடுத்திருக்கேன். கார் சம்பந்தப்பட்டதுதான். ஆனா கார் ஓட்டத் தெரியாதவங்களும் தைரியமா படிக்கலாம். நடுவுல ஒரு திமிங்கிலம் வேற வருது.

அமெரிக்காவில் பழைய கார் வைத்திருக்கும் சிலரிடம் "ஸ்ட்ராபெர்ரி மில்க்ஷேக்" என்று சொல்லிப் பாருங்கள், முகம் அப்படியே வெளுத்துப் போகும். ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸில் ஓடுகிற எண்ணெய்க்குச் சிவப்புச் சாயம் கலந்திருப்பார்கள். நல்ல தெளிவான சிவப்பு, பார்க்க ரூஹ் அஃப்ஸா மாதிரி இருக்கும். இன்ஜினைக் குளிர வைக்கிற கூலண்ட் அதில் போய்க் கலந்தால், இரண்டும் கடைந்த மாதிரி ஆகி, நுரை கட்டி, கெட்டியாக இளஞ்சிவப்பில் ஒரு திரவம் வரும். அதுதான் அந்த மில்க்ஷேக். முழுப்பெயர் "ஸ்ட்ராபெர்ரி மில்க்ஷேக் ஆஃப் டெத்". கார்க்காரர்கள் வைத்த பெயர். நம்ம மயிலாப்பூர் ஆள் யாராவது முதலில் பார்த்திருந்தால் காளத்தி கடையை நினைத்துக்கொண்டு ரோஸ்மில்க் என்று பெயர் வைத்திருப்பார். எந்தப் பெயராக இருந்தாலும் அதைப் பார்த்த கியர்பாக்ஸ் பெரும்பாலும் பிழைப்பதில்லை.

என்னைக் குடைந்த கேள்வி வேறு. இன்ஜின் தண்ணீருக்கும் கியர்பாக்ஸ் எண்ணெய்க்கும் என்ன சம்பந்தம்? இது ஒரு பக்கம், அது ஒரு பக்கம் இருக்க வேண்டிய சமாச்சாரம். இரண்டையும் ஒரே பெட்டிக்குள் கொண்டுபோய் வைக்கலாம் என்று முடிவெடுத்த புண்ணியவான்கள் யார், ஏன் அப்படிச் செய்தார்கள்? பொட்டி தட்டுறவன் புத்தி, ஒரு பக் வந்தால் அந்தக் கோடு எப்போது உள்ளே வந்தது என்று பார்க்காமல் தூக்கம் வராது.

கொசுவத்தியை நல்லாவே சுத்த வேண்டியிருக்கு. 1905-க்குப் போகணும்.

ஜெர்மனியின் ஸ்டெட்டின் நகரத்தில் (இப்போது அது போலந்தில் இருக்கிறது) வல்கன் என்ற கப்பல் கட்டும் தளம். அங்கே ஹெர்மன் ஃபோட்டிங்கர் என்ற இன்ஜினியருக்கு ஒரு தலைவலி. நீராவி டர்பைன் படுவேகமாகச் சுற்றினால்தான் ஒழுங்காக வேலை செய்யும். கப்பலின் புரொப்பெல்லரோ மெதுவாகச் சுற்றினால்தான் நல்லது. நடுவில் என்ன போடுவது? இரண்டு டேபிள் ஃபேனை எதிரெதிரே வைத்து ஒன்றுக்கு மட்டும் கரண்ட் கொடுத்தால், காற்று பட்டு மற்றதும் சுற்றும் இல்லையா? காற்றுக்குப் பதில் திரவம், ஃபேனுக்குப் பதில் மூடிய பெட்டிக்குள் இரண்டு துடுப்புச் சக்கரங்கள். நடுவில் திரவத்தைத் திருப்பி விட இன்னொரு சக்கரமும் சேர்த்தால் வேகம் குறையும், திருகு விசை கூடும். 1905-ல் அவர் பேட்டண்ட் வாங்கியது இதற்குத்தான். இன்றைக்கு ஆட்டோமேட்டிக் காரில் இருக்கிற டார்க் கன்வெர்ட்டரின் கொள்ளுத்தாத்தா ஒரு கப்பல்காரர்.

கப்பலில் சுற்றிலும் கடல் தண்ணீர் இருக்கிறது, சூட்டைப் பற்றிக் கவலை இல்லை. காருக்கு வரும்போதுதான் வம்பு. எதிர் ஃபேன் ஒருபோதும் முதல் ஃபேன் அளவுக்குச் சுற்றாது, கொஞ்சம் வழுக்கும். அந்த வழுக்கலில் தொலைகிற சக்தி எல்லாம் எண்ணெயில் சூடாக இறங்கும். ஒரு கணக்குப் போடுவோம். இன்ஜினிலிருந்து 20 கிலோவாட் போகிறது, கன்வெர்ட்டர் 85 சதவீதத்தைக் கடத்துகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மீதி 3 கிலோவாட். நம்ம வீட்டில் குளிக்கத் தண்ணீர் காய வைக்கிற 1500 வாட் ஹீட்டர் ராடு இரண்டை எண்ணெய்க்குள் போட்டு நிறுத்தாமல் ஓட விட்ட மாதிரி. மலை ஏறும்போது, பின்னால் டிரெய்லர் கட்டி இழுக்கும்போது இன்னும் மோசம்.

சாதாரண மக்கள் வாங்குகிற காரில், ஏராளமான எண்ணிக்கையில் ஆட்டோமேட்டிக் வந்தது ஜெனரல் மோட்டார்ஸின் ஹைட்ராமேட்டிக்கில். 1939 அக்டோபரில், 1940 மாடல் ஓல்ட்ஸ்மொபீலில் கூடுதலாக 57 டாலர் கொடுத்தால் கிளட்ச் பெடலே இல்லாத கார். அதன் பின்னால் இருந்த எர்ல் தாம்சன்தான் அதற்கு முன்பு, 1928-ல் கடிலாக்கில் வந்த சிங்க்ரோமெஷ்ஷையும் கண்டுபிடித்தவர். அதாவது கியர் மாற்றுவதைச் சுலபமாக்கியவரே அடுத்த பதினோரு வருஷத்தில் கியர் மாற்றும் வேலையையே ஒழித்துக் கட்டினார். உலகப் போரில் எம்5 ஸ்டூவர்ட் டாங்கிகளில் இரண்டு கடிலாக் இன்ஜினோடு இரண்டு ஹைட்ராமேட்டிக்கும் ஓடின. போர் முடிந்து 1948-ல் ப்யூக் நிறுவனத்தின் டைனாஃப்ளோ, டார்க் கன்வெர்ட்டரோடு வந்தது. வெண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு போகும், ஒரு உதறல் இருக்காது. வழுக்குகிறது என்றால் என்ன அர்த்தம் என்று மேலே பார்த்தோமே. சூடு!

ஆரம்பத்தில் சில கியர்பாக்ஸ்களைக் காற்றை வைத்தே சமாளித்தார்கள். செவ்ரலே பவர்கிளைடின் சில ரகங்களில், சின்ன இன்ஜின்களுக்கு, ரொம்ப காலம் வரைக்கும் காற்றுதான். ஆனால் ஐம்பதுகளில் அமெரிக்கக் கார் ஊதிக்கொண்டே போனது. பெரிய வி8, ரெண்டு டன் எடை, ஏசி. காற்று போதாது. எண்ணெயை வெளியே கொண்டுவந்து எங்கேயாவது ஆற வைத்துத் திருப்பி அனுப்பியே ஆக வேண்டும்.

இங்கேதான் அந்த முடிவு. தனியாக எண்ணெய்க்கு ஒரு ரேடியேட்டர் வைக்கலாம். இல்லையென்றால், ஏற்கெனவே முன்னால் ஒரு ரேடியேட்டர் இருக்கிறது, அதில் ஆறிய தண்ணீர் வந்து சேரும் பக்கத்துத் தொட்டிக்குள் ஒரு சின்னக் குழாயை முக்கி வைத்து, அதற்குள் எண்ணெயை ஓட விடலாம். இரண்டாவது வழியைத்தான் கிட்டத்தட்ட மொத்தத் தொழிலும் பிடித்துக்கொண்டது.

நான் இதைத் திட்டப் போகிறேன் என்று நினைத்தால், இல்லை. ரொம்ப அழகான ஐடியா. காற்றை விடத் தண்ணீர் சூட்டை வேகமாக வாங்கும், அதனால் ஒரு முழத்துக்கும் குறைவான குழாய் போதும். மிச்சிகனில் மைனஸ் 20 டிகிரியில் எண்ணெய் தேன் மாதிரி கெட்டியாக இருக்கும்போது, சூடேறிய கூலண்ட் அந்த எண்ணெயை இளக்கிக் கொடுக்கும். ஒரே சாதனம், வெயிலில் ஃப்ரிட்ஜ், குளிரில் ஹீட்டர். தொழிற்சாலைக்கும் நிம்மதி. சப்ளையரிடமிருந்து ரேடியேட்டர் ஒரே உருப்படியாக வரும், இரண்டு குழாயைத் திருகினால் வேலை முடிந்தது. இதே ஏற்பாட்டோடு கோடிக்கணக்கான கார்கள் பல பத்தாண்டுகள் ஒரு தொந்தரவும் இல்லாமல் ஓடிக் குப்பைக்குப் போயிருக்கின்றன.

ஒரே ஒரு விஷயம். சிவப்பு எண்ணெய்க்கும் பச்சைத் தண்ணீருக்கும் நடுவில் இருப்பது ஒரு மெல்லிய தகடும், அதன் முனைகளில் இருக்கும் பற்றவைப்பும் மட்டும்தான்.

அந்தப் பச்சைத் தண்ணீர் வெறும் தண்ணீராக இருந்தாலே கெடுதல்தான். ஆனால் 1927-ல் ப்ரெஸ்டோன் என்ற பெயரில் எத்திலீன் கிளைகால் அமெரிக்கக் கடைகளுக்கு வந்தது. அதுவரை குளிர்காலத்தில் தண்ணீர் உறைந்து இன்ஜின் வெடிக்காமல் இருக்க ஆல்கஹால் ஊற்றிக்கொண்டிருந்தார்கள், அது ஆவியாகிப் போய்விடும். கிளைகால் போகாது, தங்கும். இன்ஜினுக்கு வரம். கியர்பாக்ஸுக்கு அது என்ன செய்யும் என்று 1927-ல் யாரும் யோசித்திருக்க முடியாது, ஏனென்றால் அந்த மாதிரி கியர்பாக்ஸே அப்போது கிடையாது.

சரி, திமிங்கிலத்துக்கு வருவோம்.

ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுக்குள் கிளட்ச் தட்டுகள் எண்ணெயில் ஊறியபடியே ஒன்றை ஒன்று பிடிக்க வேண்டும். ரொம்ப வழுக்கினால் தேயும், வெடுக்கென்று பிடித்தால் கார் உதறும். நடுவாந்தரமாக, வெண்ணெய் தடவிய மாதிரி பிடிக்க ஒரு சேர்மானம் வேண்டும். அந்த வேலைக்கு ஸ்பெர்ம் திமிங்கிலத்தின் எண்ணெயைப் போல ஒன்று கிடைக்கவில்லை. (நம்ம ஊர் பேப்பரில் அம்பர்கிரிஸ் கடத்தியவர்கள் கைது என்று அடிக்கடி செய்தி வருமே, அதே திமிங்கிலம்தான்.) சமையல் எண்ணெய் மாதிரிக் கொழுப்பு கிடையாது, திரவமாக இருக்கும் மெழுகு என்று சொல்லலாம். சூட்டில் சீக்கிரம் கெடாது. ஜெனரல் மோட்டார்ஸ் 1949-ல் டைப் ஏ என்று எண்ணெய்க்கு ஒரு தரம் வகுத்து, 1967-ல் அதை டெக்ஸ்ரான் ஆக்கியது. அந்தக் கால எண்ணெய்களில் இந்தத் திமிங்கிலச் சரக்கு சேர்மானமாகக் கலந்திருந்தது. நிலாவுக்கு ஆள் அனுப்பிக்கொண்டிருந்த தேசத்தில் வீட்டு வாசலில் நிற்கிற காருக்குள் திமிங்கில எண்ணெய் ஓடிக்கொண்டிருந்தது என்பதை நினைத்தால் எனக்கு இன்னும் ஒரு மாதிரி இருக்கிறது.

1970-ல் அமெரிக்க அரசு ஸ்பெர்ம் திமிங்கிலத்தை அழிவின் விளிம்பில் இருக்கும் உயிரினங்களின் பட்டியலில் சேர்த்தது. 1973-ல் சட்டம் இன்னும் இறுகியது. திமிங்கில எண்ணெய்க்குக் கதவு சாத்தியாச்சு. ரொம்ப நியாயமான முடிவு, அதில் மாற்றுக் கருத்தே இல்லை. ரசாயனக்காரர்கள் மாற்றுத் தேடி ஓடினார்கள். அமெரிக்க, மெக்சிகோ பாலைவனத்தில் விளையும் ஜோஜோபா விதையில் கிட்டத்தட்ட அதே வகைத் திரவ மெழுகு இருப்பதால் அதற்குத் திடீர் மவுசு வந்தது. (இன்றைக்கு ஷாம்பூ பாட்டிலில் படிக்கிறோமே, அதே ஜோஜோபாதான்.) ஜெனரல் மோட்டார்ஸ் திமிங்கிலம் இல்லாத டெக்ஸ்ரான் II-ஐக் கொண்டுவந்தது.

ஆரம்ப டெக்ஸ்ரான் II கியர்பாக்ஸுக்குள் ஒழுங்காகவே நடந்துகொண்டது. பிரச்சினை வேறு இடத்தில் வெடித்தது. அதில் சேர்த்திருந்த ரசாயனம், ரேடியேட்டருக்குள் இருக்கும் கூலரின் ஈயப் பற்றை அரித்தது! அரித்து ஓட்டை விழுந்தால் கூலண்ட் எண்ணெய்க்குள். கலவையை மாற்றி டெக்ஸ்ரான் IIடி என்று திருத்தி வெளியிட்ட பிறகுதான் அந்தப் பிரச்சினை அடங்கியது. அந்த வருஷங்களில் நடந்த எல்லாக் கியர்பாக்ஸ் பழுதுக்கும் திமிங்கிலத் தடையைக் காரணம் சொல்கிறவர்கள் உண்டு. எனக்கு அது கொஞ்சம் ஓவர் என்று படுகிறது. புகைக் கட்டுப்பாட்டுச் சட்டங்களால் அதே சமயம் இன்ஜின்களும் முன்பை விடச் சூடாக ஓட ஆரம்பித்திருந்தன. ஆனால் ஈயம் அரித்த கதை மட்டும் என் மாதிரி ஆட்களுக்கு நன்றாகப் புரியும். ஒரு லைப்ரரியை மாற்றுகிறோம், நம்ம மாட்யூலில் டெஸ்ட் எல்லாம் பாஸ், ப்ரொடக்‌ஷனில் சம்பந்தமே இல்லாத பக்கத்து டீம் மாட்யூல் படுத்துவிடும். பக்கத்து டீமுக்கும் நமக்கும் நடுவில் ஒரு தகடுதான் இருக்கிறது என்பதே அன்றைக்குத்தான் தெரியவரும்.

அடுத்த மாற்றம் தகட்டுக்கே வந்தது. அதுவரை ரேடியேட்டர் என்றால் செம்பு, பித்தளை, ஈயப் பற்று. ஒழுகினால் பட்டறைக்குக் கொண்டுபோய் ஊதிப் பற்ற வைத்து வரலாம். எண்பதுகளிலிருந்து அலுமினியக் கூட்டுக்கு இரண்டு பக்கமும் பிளாஸ்டிக் தொட்டி மாட்டிய ரேடியேட்டர் பரவலானது. எடை குறைவு, விலை குறைவு. எண்ணெய்க் கூலர் இப்போது அந்த பிளாஸ்டிக் தொட்டிக்குள் உட்கார்ந்தது. அதன் இரண்டு முனைகளும் பிளாஸ்டிக் சுவரைத் துளைத்துக்கொண்டு வெளியே வர வேண்டும், அங்கே ரப்பர் சீல். உலோகம் ஒரு அளவில் விரியும், பிளாஸ்டிக் வேறு அளவில் விரியும், தினம் இரண்டு வேளை சூடாகி ஆறும். பட்டறைக்கு வேலை போச்சு. ஒழுகினால் கழற்றி எறிய வேண்டியதுதான். அதுவும் ஒழுகல் வெளியே தெரிந்தால்!

வெளியே தெரியாமல் உள்ளே ஒழுகினால் என்ன ஆகும் என்பதுதான் இந்தக் கதையின் விஷமே. இன்ஜின் ஓடும்போது கியர்பாக்ஸ் பம்ப்பும் ஓடும், கூலருக்குள் எண்ணெயின் அழுத்தம் பொதுவாகக் கூலண்டை விடக் கூடுதலாக இருக்கும். அப்போது எண்ணெய்தான் தண்ணீர்ப் பக்கம் கசியும். வீட்டுக்கு வந்து சாவியைத் திருப்பி நிறுத்தியதும் பம்ப் நின்றுவிடும், எண்ணெய் அழுத்தம் உடனே பூஜ்யம். ஆனால் ரேடியேட்டரில் கூலண்ட் கொதிக்கக் கொதிக்க, ஏறக்குறைய ஒரு பார் அழுத்தத்தோடு அப்படியே இருக்கும், ஆற நேரம் பிடிக்கும். நாம் மாடியில் காபி குடித்துக்கொண்டிருக்கும்போது கீழே கூலண்ட் நிதானமாகக் கியர்பாக்ஸுக்குள் போய்க்கொண்டிருக்கும்.

உள்ளே போனால் இரும்புத் துரு பிடிக்கும், அது மெதுவான சாவு. வேகமான சாவு கிளட்ச் தட்டில். அந்தத் தட்டுகளில் உராய்வுக்கு ஒட்டியிருப்பது காகிதம் என்றால் நம்புவீர்களா? நாரும் ரெசினும் சேர்த்த காகித வகை, இரும்புத் தட்டில் பசை போட்டு ஒட்டியிருப்பார்கள். காகிதத்துக்கு எண்ணெயை விடத் தண்ணீர் மேல் ஆசை அதிகம், இழுத்து வைத்துக்கொள்ளும். கிளைகால் பசையை இளக்கும். ஒரு நாள் காகிதம் உரிந்து வரும். உரிந்த துண்டு வால்வுகளை அடைக்கும். இதற்காகத்தான் சொன்னேன், கிளைகால் ஒரு பக்கம் வரம், இன்னொரு பக்கம் யமன்.

ஒஹாயோவில் படித்துக்கொண்டிருந்தபோது என் ரூம்மேட் ஒருத்தன் பழைய எஸ்யூவி ஒன்று வாங்கினான். ஒரு லட்சம் மைல் தாண்டிய வண்டி. (கீழே பெயர் வரும் கம்பெனிகளின் வண்டி கிடையாது, பெயர் வேண்டாம்.) ரெண்டு மாதமாகக் கூலண்ட் குறைந்துகொண்டே வந்தது, கீழே ஒரு சொட்டுக்கூட ஒழுகவில்லை. குறையக் குறைய ஊற்றினான். அப்புறம் நாற்பது மைல் வேகத்தில் லேசான உதறல், ரோட்டில்தான் ஏதோ கோளாறு மாதிரி. வேலைக்குச் சேர்ந்து மூன்றாவது வாரம், தினம் போக வர எழுபது மைல், பஸ் கிடையாது. மெக்கானிக் டிப்ஸ்டிக்கை உருவித் துடைத்த துணியை எங்களிடம் காட்டினார். ரோஸ் கலர். அவர் சொன்ன ரிப்பேர் தொகை, வண்டி வாங்கிய விலைக்குக் கொஞ்சம்தான் குறைவு. வண்டி எடைக்குப் போனது. அவன் அடுத்த நாலு மாதம் இன்னொரு தெலுங்குப் பையனோடு பெட்ரோல் காசு கொடுத்துப் போய் வந்தான். நான் இந்தத் தகட்டின் பூர்வீகத்தைத் தோண்ட ஆரம்பித்தது அதன் பிறகுதான்.

தோண்டினால் பெரிய பெயர்களும் மாட்டின. மெர்சிடிஸ் பென்ஸில் 2003 வாக்கில் வரை தயாரான சில சி கிளாஸ், ஈ கிளாஸ் கார்கள். அவற்றில் இருந்த வாலியோ ரேடியேட்டர்கள் சிலவற்றில் இதே உள் ஒழுகல். லேசாக ஆக்சிலரேட்டர் கொடுத்தால், தூங்கி விழாமல் இருக்க ஹைவே ஓரத்தில் வரி வரியாகப் போட்டிருப்பார்களே, அதன் மேல் ஓட்டுகிற மாதிரி ஒரு நடுக்கம். எண்ணெயில் கிளைகால் இருக்கிறதா என்று பார்க்கவே தனியாகப் பரிசோதனை கிட் வந்தது. எவ்வளவு விலை உயர்ந்த வண்டியாக இருந்தாலும் தகடு தகடுதான்.

ஆனால் மில்க்ஷேக் என்ற பெயரை ஊரறியச் செய்தது நிசான். 2005 முதல் 2010 வரையிலான ஃப்ரண்டியர், பாத்ஃபைண்டர், எக்ஸ்டெரா வண்டிகள். ஐந்து கியர் ஜாட்கோ ஆட்டோமேட்டிக். இதில் கூடுதல் கொடுமை, கியர்பாக்ஸின் மூளையான எலெக்ட்ரானிக் பெட்டியும் எண்ணெய்க்குள்ளேயேதான் இருக்கும். கூலண்ட் வந்தால் கிளட்ச் மட்டுமல்ல, மூளையும் காலி. 2010-ல் நிசான் ரேடியேட்டருக்கான வாரண்டியை 8 வருஷம் அல்லது 80,000 மைல் என்று நீட்டியது. அதே வருஷம் நியூயார்க் தெற்கு மாவட்ட ஃபெடரல் நீதிமன்றத்தில் வண்டிக்காரர்கள் சேர்ந்து வழக்குப் போட்டார்கள். 2013-ல் சமரசத்துக்கு நீதிமன்றம் ஒப்புதல் கொடுத்தது. 10 வருஷம் அல்லது 1,00,000 மைல் வரைக்கும் பாதுகாப்பு. ஆனால் முதல் 80,000 மைலுக்கு அப்புறம் வண்டிக்காரர் கையிலிருந்து போட வேண்டும். 90,000 மைலுக்குள் என்றால் 2,500 டாலர் வரை, 1,00,000-க்குள் என்றால் 3,000 டாலர் வரை.

இந்த எண்களைக் கொஞ்சம் நின்று பாருங்கள். 80,000 மைல் என்றால் சுமார் 1,28,000 கிலோமீட்டர். புதுசாக வாங்கியவர் பெரும்பாலும் அதற்குள் வண்டியை விற்றுவிட்டு அடுத்ததுக்குப் போயிருப்பார். 95,000 மைலில் ஸ்டீயரிங் பிடித்திருப்பது யார்? இரண்டாவது, மூன்றாவது கை. மாணவன், புதுசாக வந்த குடியேறி, ஒரே வண்டியை நம்பி ஷிஃப்ட்டுக்குப் போகிற நர்ஸ். அவரிடம் போய் மூவாயிரம் டாலர். 1,00,001-வது மைலில் அதுவும் கிடையாது. ஒரு ரேடியேட்டரில் மிச்சம் பிடித்த சில டாலர்களின் பில், பத்து வருஷம் கழித்து, அந்த மிச்சத்தில் ஒரு பைசாகூடப் பார்க்காதவரிடம் வருகிறது. இதில் எனக்கு இருக்கிற கோபம் தகட்டின் மேல் இல்லை. உடையலாம், உலோகம்தானே. உடைந்தால் யார் கட்டுவது என்று போட்ட அந்தப் படிக்கட்டுக் கணக்கின் மேல்தான்.

வண்டிக்காரர்கள் கோர்ட்டுக்குக் காத்திருக்கவில்லை. ரேடியேட்டருக்குப் போகிற இரண்டு எண்ணெய்க் குழாயையும் கழற்றி, முன்னால் தனியாக ஒரு காற்றுக் கூலர் மாட்டி அதில் இணைத்துவிட்டார்கள். ஐம்பதுகளில் வேண்டாம் என்று ஒதுக்கிய முதல் வழி! அரை நாள் வேலை, அதற்கப்புறம் எண்ணெயும் தண்ணீரும் சந்திக்கவே வாய்ப்பில்லை. இதற்கு எதிர்க்கட்சியும் உண்டு. குளிர் தேசத்தில் எண்ணெய் சூடேறாமல் கெட்டியாகவே ஓடிக் கியர்பாக்ஸைக் கெடுக்கும் என்பார்கள். டெக்சாஸில் இருப்பவருக்கு இந்தக் கவலை வேண்டாம் என்பது என் கட்சி. மினசோட்டாக்காரர் நடுவில் ஒரு தெர்மோஸ்டாட் வால்வு போட்டுக்கொள்ளட்டும், சூடேறும்வரை எண்ணெய் கூலர் பக்கமே போகாது.

ஏற்கெனவே கலந்துவிட்டால்? முதலில் ரேடியேட்டரை மாற்ற வேண்டும் அல்லது குழாயைப் பிரிக்க வேண்டும், இல்லையென்றால் ஓட்டைப் பானையில் தண்ணீர் இறைத்த கதை. அப்புறம் எண்ணெயை மாற்றிக்கொண்டே இருப்பது. இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். கீழே இருக்கும் திருகைக் கழற்றினால் மொத்த எண்ணெயில் பாதிகூட வராது, மீதி டார்க் கன்வெர்ட்டருக்குள் மாட்டிக்கொண்டிருக்கும். ஒரு தடவைக்கு 40 சதவீதம் வருகிறது என்று வைத்தால், மாற்றி ஓட்டி, மாற்றி ஓட்டி ஐந்து தடவைக்கு அப்புறமும் பழைய கலவை சுமார் 8 சதவீதம் உள்ளே இருக்கும். பத்து தடவைக்கு 0.6 சதவீதம். கணக்கு அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் காகிதம் உறிஞ்சிய தண்ணீருக்கு இந்தக் கணக்கு தெரியாது. உதறல் தொடங்குவதற்கு முன்பே, கூலண்ட் குறைவதை மட்டும் பார்த்துச் சுதாரித்தவர்கள் இப்படி வண்டியைக் காப்பாற்றியிருக்கிறார்கள். உதறல் வந்தபின் எண்ணெய் மாற்றுவது சாமிக்குத் தேங்காய் உடைக்கிற மாதிரி, மனசு ஆறும். அந்த நிலையில் கழற்றி, கிளட்ச் தட்டு மொத்தமும் மாற்றி, புது கன்வெர்ட்டர் போடுவதுதான் வழி. கூலருக்குப் போகிற குழாய்களையும் கழுவாமல் விட்டால் பழைய ரோஸ்மில்க் புது கியர்பாக்ஸுக்குள் முதல் நாளே வந்துவிடும்.

அமெரிக்காவில் செகண்ட் ஹேண்ட் வண்டி பார்க்கப் போகிற மக்கா, ரெண்டு நிமிஷ வேலை. இன்ஜின் நன்றாக ஆறியபின் ரேடியேட்டர் மூடியைத் திறந்து பாருங்கள், மேலே எண்ணெய் ஏடு மிதக்கக் கூடாது. கியர்பாக்ஸ் டிப்ஸ்டிக்கைத் துடைத்துப் பாருங்கள், சிவப்போ பழுப்போ பரவாயில்லை, பால் கலந்த நிறம் இருக்கக் கூடாது. டிப்ஸ்டிக்கே இல்லாத வண்டிகள் நிறைய வந்துவிட்டன, அதற்கு மெக்கானிக்கிடம்தான் போகணும். கூலண்ட் புத்தம் புதுசாக, பளபளவென்று இருந்தால் ஏன் புதுசாக இருக்கிறது என்று ஒரு கேள்வி கேளுங்கள். ரேடியேட்டர் முதலில் வந்ததா, மாற்றியதா என்பதும் கேட்க வேண்டிய கேள்வி. நம்ம ஊரில் 2014 செலெரியோவுக்கு அப்புறம் பரவிய ஏஎம்டி வண்டிகளுக்கு இந்தப் பயம் வேண்டாம், அது மேனுவல் கியர்பாக்ஸை மெஷின் கை வைத்து மாற்றுவது, டார்க் கன்வெர்ட்டரும் கிடையாது.

இப்போது வருகிற பல கார்களில் எண்ணெய்க் கூலர் ரேடியேட்டரை விட்டு வெளியே வந்து, கியர்பாக்ஸின் தோளிலேயே சின்னத் தகட்டு அடுக்காக உட்கார்ந்திருக்கிறது. ஒரு தகட்டுக்கு மேலே கூலண்ட், கீழே எண்ணெய், மறுபடி கூலண்ட். பேட்டரி கார் வந்தால் இந்தத் தொல்லை ஒழியும் என்று நினைத்தேன். டெஸ்லா மாடல் 3-ன் மோட்டாரை எண்ணெய் குளிர வைக்கிறது, அந்த எண்ணெயைக் குளிர வைக்கப் பக்கத்தில் கூலண்ட் ஓடுகிற ஒரு கூலர். நடுவில் அதே தகடு!

டிஸ்கி: 1953 ஆகஸ்டில் ஹைட்ராமேட்டிக் தயாரித்த லிவோனியா தொழிற்சாலை தீப்பிடித்து முழுசாக எரிந்துபோய், கடிலாக் கார்களே கொஞ்ச நாள் ப்யூக்கிடம் கியர்பாக்ஸ் கடன் வாங்கி ஓடிய கதை ஒன்று இருக்கு. இதிலேயே சேர்த்தால் பதிவு அனுமார் வால் ஆகிவிடும். அடுத்த தடவை ஆணி கம்மியா இருக்கும்போது எழுதறேன்.